ஸ்கோர் டைப் பண்ணும்போது வர்ற கோளாறுங்க: ஜெர்மன் பேரா, சாஃப்ட்வேரா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் சர்ச் கொயர் நடத்துறவங்க, பேண்ட் செட் மாஸ்டருங்க, டிரினிட்டி மியூசிக் கிரேடு பரீட்சை எழுதுற பசங்க, இவங்க எல்லாரும் லேப்டாப்பை தூக்கிட்டு வந்து "சார் இந்த சாஃப்ட்வேர் கெட்டுப் போச்சு"ன்னு நிக்கிறது டிசம்பர் நெருங்க நெருங்க அதிகமாகும். பிரிச்சுப் பாத்தா முக்காவாசி ஒரே கதைதான். ஐஎம்எஸ்எல்பிங்கற வெப்சைட்ல இருந்து ஓசியா பழைய ஜெர்மன் ஸ்கோர் ஒண்ணை, அதாவது எல்லா வாத்திய நோட்டும் அச்சான பதிப்பை, இறக்கியிருப்பாங்க, அதைப் பாத்து மியூஸ்ஸ்கோர்ங்கற ஸ்கோர் சாஃப்ட்வேர்ல டைப் அடிச்சிருப்பாங்க, ஸ்டாஃபுக்கு, அதாவது நோட்டு எழுதுற அஞ்சு கோட்டுக்கு, இடது பக்கம் அச்சாகியிருக்கிற வாத்தியத்தோட பேரை தப்பா படிச்சிருப்பாங்க. சாஃப்ட்வேர் சொன்னபடி ஒழுங்காத்தான் கேட்டிருக்கும்.

இங்க எல்லாரும் வெச்சிருக்கிறது காசில்லாத மியூஸ்ஸ்கோர்ங்கறதால மெனு பேரெல்லாம் அதுலேர்ந்தே சொல்றேன். சிபேலியஸ், டோரிக்கோ வெச்சிருக்கவங்களுக்கு மெனு வேற இடத்துல இருக்கும், சோதிக்கிற முறை இதேதான்.

எந்தக் கோளாறா இருந்தாலும் மொதல்ல ஃபைலை வேற பேர்ல ஒரு காப்பி போட்டுக்கோங்க. அப்புறம் சத்தம் தப்பா வருதுன்னு நோட்டை ஒவ்வொண்ணா ஆரோ கீயால ஏத்தி எறக்கற வேலையை தயவுசெஞ்சு பண்ணாதீங்க, அப்படி கைவெச்ச ஃபைலை சரி பண்றதுக்கு புதுசா டைப் அடிச்சிடலாம்.

## ஒரு வாத்தியம் மட்டும் மொத்தமா ஏறியோ எறங்கியோ கேக்குது

எவ்வளவு தப்புன்னு மொதல்ல அளக்கணும். பக்கத்துல கீபோர்டு இருந்தா அந்த வாத்தியத்தோட மொத நோட்டையும் அதே இடத்துல வயலின் வாசிக்கிறதையும் தட்டிப் பாருங்க. முழு டோனா, அரை டோனா, ஆக்டேவா, இதைப் பொறுத்து வழி பிரியும்.

### முழு டோன் தப்புன்னா

க்ளாரினெட் மாதிரி சில வாத்தியத்துல எழுதின நோட்டு வேற, கேக்கிற சுருதி வேற. கேக்கிற சுருதியிலேயே நோட்டைக் காட்டுற கான்சர்ட் பிட்ச் பட்டனைப் பாருங்க, கீழ வலது பக்கம் இருக்கும். அது ஆன்ல இருக்கும்போது க்ளாரினெட்டுக்கு அச்சுல இருக்கிற நோட்டை அப்படியே அடிச்சா ஒரு டோன் ஏறிக் கேக்கும். அது ஆஃப்ல இருக்கும்போது கேக்கிற சுருதியில அடிச்சா ஒரு டோன் எறங்கிக் கேக்கும். ஏறிக் கேட்டா பட்டனை ஆன்லயே வெச்சுக்கிட்டு அந்த ஸ்டாஃபை மட்டும் முழுசா செலக்ட் பண்ணி, டூல்ஸ்ல டிரான்ஸ்போஸ் போயி, மேஜர் செகண்டு (ஒரு முழு டோன்) கீழன்னு குடுங்க. முடிஞ்சப்புறம் பட்டனை ஆஃப் பண்ணிப் பாருங்க, அச்சுல இருந்த மாதிரியே திரும்பி வந்து நிக்கும். காசும் ஆகாது நேரமும் ஆகாது.

### அரை டோன் ஏறிக் கேட்டா

இதுலதான் ஜெர்மன்காரங்க பேர் வெக்கிற முறை உள்ள வருது. அவங்க பி-ன்னு எழுதினா நம்ம பி ஃப்ளாட். நம்ம பி நேச்சுரலுக்கு அவங்க ஹெச்-ன்னு எழுதுவாங்க. அதனால "க்ளாரினெட்டெ இன் பி"ன்னு போட்டிருந்தா அது சாதாரண பி ஃப்ளாட் க்ளாரினெட், "ட்ரொம்பேட்டெ இன் பி"யும் அதே மாதிரி நம்ம பேண்ட் செட்ல இருக்கிற டிரம்பெட்தான். சிலபேர் இதை பி நேச்சுரல்னு நெனச்சுட்டு, லிஸ்ட்ல அப்படி ஒரு க்ளாரினெட் இல்லையேன்னு ஸ்டாஃப் ப்ராப்பர்ட்டீஸ்ல போயி டிரான்ஸ்போசிஷனை, அதாவது எழுதினதுக்கும் கேக்கிறதுக்கும் உள்ள இடைவெளியை, கையால மைனர் செகண்டுன்னு (அரை டோன்) மாத்தி வெச்சுடுறாங்க. அதை மேஜர் செகண்டு கீழன்னு திருப்பி வெச்சா தீந்துச்சு.

அது சரியா இருந்தும் அரை டோன் ஏறிக் கேட்டா, ஏ க்ளாரினெட்டுக்கு எழுதினதை பி ஃப்ளாட் க்ளாரினெட் ஸ்டாஃப்ல அடிச்சிருக்கீங்க. ஏ க்ளாரினெட் எழுதினதுக்கு மூணு அரை டோன் கீழ ஒலிக்கும், பி ஃப்ளாட் ரெண்டு அரை டோன் கீழ, வித்தியாசம் அந்த அரை டோன்தான். இதைக் கண்டுபிடிக்க காதே வேணாம், அச்சுல இருக்கிற கீ சிக்னேச்சரை, அதாவது வரி ஆரம்பத்துல வர்ற ஷார்ப் ஃப்ளாட் குறிங்களை, மட்டும் பாத்தா போதும். வயலின் ஸ்டாஃப்ல ஷார்ப்பும் இல்ல ஃப்ளாட்டும் இல்ல, அதாவது சி மேஜர்னு வெச்சுக்கோங்க, அப்ப பி ஃப்ளாட் க்ளாரினெட்டுக்கு 2 ஷார்ப் இருக்கணும், ஏ க்ளாரினெட்டுக்கு 3 ஃப்ளாட், எஃப் ஹார்னுக்கு 1 ஷார்ப், ஈ ஃப்ளாட் ஆல்ட்டோ சாக்ஸுக்கு 3 ஷார்ப். ஈ ஃப்ளாட்டை ஜெர்மன்ல இ, எஸ்-ன்னு ரெண்டு எழுத்தா அடிப்பாங்க, ஏ ஃப்ளாட்டை ஏ, எஸ்-ன்னு. இந்தக் கணக்கை ஒரு பேப்பர்ல எழுதி மானிட்டர்ல ஒட்டி வெச்சுக்கோங்க, பாதி கேஸ் அங்கேயே முடிஞ்சுடும்.

### பாதிப் பாட்டு சரி, நடுவுல இருந்து தப்பு

பிளேயர் நடுவுல வாத்தியம் மாத்துறார்னு அர்த்தம். ஸ்டாஃபுக்கு மேல இத்தாலியன்ல "மூட்டா இன்"னோ ஜெர்மன்ல "நேமென்"னோ சின்னதா ஏதாவது போட்டிருக்கும், கண்ணுல படாது. அதை சும்மா டெக்ஸ்டா அடிச்சா சாஃப்ட்வேருக்குத் தெரியாது. பேலட்டுல டெக்ஸ்ட் பகுதியில இன்ஸ்ட்ருமென்ட் சேஞ்சுன்னு தனியா இருக்கு, அதைத்தான் அந்த பார்ல போடணும், போட்டதும் அங்கிருந்து டிரான்ஸ்போசிஷனும் மாறும்.

### ஆக்டேவ் தப்புன்னா

கொன்ட்ராபாஸ் எழுதினதுக்கு ஒரு ஆக்டேவ் கீழ ஒலிக்கும், பிக்கலோ ஒரு ஆக்டேவ் மேல. பிக்கலோவை ஜெர்மன்ல "க்ளைனெ ஃப்ளோட்டெ", சின்ன ஃப்ளூட்டுன்னு போடுவாங்க, அதை சாதாரண ஃப்ளூட் ஸ்டாஃப்ல அடிச்சா ஒரு ஆக்டேவ் எறங்கித்தான் கேக்கும். "க்ரோஸெ ஃப்ளோட்டெ"ன்னா பெருசா ஒண்ணும் இல்ல, அது சாதாரண ஃப்ளூட்டேதான். பேஸ் க்ளாரினெட்ல ரெண்டு வழக்கம் உண்டு: ஜெர்மன் ஸ்கோர்ல பாஸ் கிளெஃப்ல எழுதியிருந்தா மேஜர் செகண்டுதான் கீழ, ட்ரெபிள் கிளெஃப்ல எழுதியிருந்தா அதோட ஒரு ஆக்டேவும் சேந்து எறங்கும். கொயர் டெனர் ஸ்டாஃபா இருந்தா கிளெஃபுக்கு அடியில குட்டி 8 இருக்கான்னு பாருங்க, அது இல்லன்னா ஒரு ஆக்டேவ் ஏறிக் கேக்கும்.

### ஹார்ன்னா

எஃப் ஹார்ன் எழுதினதுக்கு அஞ்சாவது (பெர்ஃபெக்ட் ஃபிஃப்த்) கீழ ஒலிக்கும், அது சுலபம். பழைய ஸ்கோர்ல டி, இஎஸ், பி, ஹெச்னு விதவிதமா வரும், கீ சிக்னேச்சரே போட மாட்டாங்க, அதனால மேல சொன்ன ஷார்ப் ஃப்ளாட் கணக்கு இங்க செல்லாது. ப்ராம்ஸோட ரெண்டாவது சிம்பொனியில ரெண்டாவது பகுதியில நெஜமாவே ஹெச் ஹார்ன் வருது, அது பி நேச்சுரல், அங்க போயி பி ஃப்ளாட்டுன்னு வெச்சா எல்லாம் அரை டோன் எறங்கிடும். "ஹார்ன் இன் பி"யில பாஸ்ஸோ, ஆல்ட்டோன்னு ரெண்டு வகை, ஆல்ட்டோன்னா ஒரு டோன் கீழ, பாஸ்ஸோன்னா அதோட ஒரு ஆக்டேவும். சில பதிப்புல எதுன்னே போட்டிருக்காது. அதுக்கு மேல பாஸ் கிளெஃப்ல வர்ற ஹார்ன் நோட்டுங்களை பழைய வழக்கத்துல ஒரு ஆக்டேவ் கீழ எழுதி வெச்சிருப்பாங்க.

பாஸ்ஸோவா ஆல்ட்டோவான்னு போடலன்னாலோ, பாஸ் கிளெஃப் நோட்டு நம்பவே முடியாத அளவுக்கு அடியில போச்சுன்னாலோ நீங்களா முடிவு பண்ணாதீங்க. ஹார்ன் வாசிக்கிற ஆளு நம்ம மாவட்டத்துல தேடினாலும் லேசுல கிடைக்க மாட்டாங்க, பெங்களூர்லயோ சென்னையிலயோ ஆர்கெஸ்ட்ரால வாசிக்கிறவங்க யாரையாவது பிடிச்சு அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்புங்க, வாசிக்கிறவங்களுக்கு பாத்த ஒடனே புரிஞ்சிடும்.

## பி கார்டு வர்ற எடத்துல மட்டும் கிட்டார் இடிக்குது

மத்த எல்லா கார்டும் சரி, பி-ன்னு இருக்கிற எடம் மட்டும் அபஸ்வரமா இருந்தா, அந்தப் பாட்டு ஜெர்மனியிலேர்ந்து யாராவது அனுப்பினதான்னு கேளுங்க, நம்ம சர்ச்சுங்களுக்கு அங்க இருக்கிற சபைங்களோட தொடர்பு உண்டு, பாட்டுப் புக்கு வர்றது சகஜம். ஹெச்-ன்னு ஒரு கார்டு எங்கயாவது இருந்தா சந்தேகமே வேணாம். அந்த ஷீட்ல பி-ன்னா பி ஃப்ளாட் கார்டு, ஹெச்-ன்னா பி கார்டு. சின்ன எழுத்துல கார்டு போட்டிருந்தா பெரும்பாலும் மைனர்.

ஃபைலா வந்திருந்தா ஃபார்மேட், ஸ்டைல், கார்டு சிம்பல்ஸ்ங்கற எடத்துல நோட் ஸ்பெல்லிங்னு ஒரு செட்டிங் இருக்கும், அது ஜெர்மன்ல இருக்கும், ஸ்டாண்டர்டுக்கு மாத்தினா கார்டு பேரெல்லாம் தானா நம்ம வழக்கத்துக்கு வந்துடும். பிடிஎஃப்பா வந்திருந்தா பேனா எடுத்துத்தான் மாத்தணும், முன்னாடியே மாத்திடுங்க, வாசிக்கும்போது கிட்டாரிஸ்ட் மனசுக்குள்ள மாத்திக்குவார்னு விடாதீங்க.

லில்லிபாண்ட், அதாவது நோட்டை எழுத்தாவே டைப் அடிக்கிற புரோகிராம், பயன்படுத்துற ஒருசிலருக்கு: ஃபைல் மேல லாங்குவேஜ் டாய்ச்னு ஒரு வரி இருந்ததை காப்பி பண்றப்ப விட்டுட்டா, ஹெச் வர்ற எடத்துலெல்லாம் எர்ரர் கத்தும், பி வர்ற எடம் கத்தாமயே அரை டோன் ஏறிடும். எர்ரர் வந்தா ஹெச்சை அழிச்சுட்டு பி போடாதீங்க, அந்த வரியை திரும்ப சேருங்க.

## இம்போர்ட் பண்ணா எல்லாமே பியானோ சத்தமா வருது

ஒரு சாஃப்ட்வேர்லேர்ந்து இன்னொண்ணுக்கு ஸ்கோரைக் கொண்டு போற மியூசிக் எக்ஸ்எம்எல் ஃபைலை தெறக்கும்போது வரும். எந்த வாத்தியத்தோட சத்தம்னு உள்ள குறிச்சிருந்தா சாஃப்ட்வேர் அதை எடுத்துக்கும், குறிக்கலன்னா பேரை வெச்சு யூகிக்கப் பாக்கும், பேரு புரியலன்னா பியானோவைப் போட்டுட்டு போயிடும். பிழை ஒண்ணும் இல்ல, நாமதான் எது எதுன்னு சொல்லணும்.

அதுக்கு பேர் தெரியணும். ப்ராட்ஷென்னா வியோலா. கைகெ வயலின். போஸவ்னெ டிராம்போன். ஃபாகோட் பஸூன். பவ்கென் டிம்பனி. பெக்கென் சிம்பல்ஸ், அதாவது ஜால்ரா பெருசா. வால்ட்ஹார்ன் நம்ம ஃப்ரெஞ்ச் ஹார்ன். ஹார்ஃபெ ஹார்ப். எங்லிஷ்ஹார்ன் ஹார்னே கிடையாது, ஓபோ குடும்பம், அதுவும் எஃப்ல இருக்கிறதால எஃப் ஹார்ன் மாதிரியே அஞ்சாவது கீழ ஒலிக்கும், அதனால தப்பா ஹார்ன்னு போட்டாலும் சுருதி சரியா வந்து சத்தம் மட்டும் மாறி நிக்கும், பல பேர் கவனிக்கவே மாட்டாங்க. பாஸெட்ஹார்னும் ஹார்ன் இல்ல, க்ளாரினெட் வகை.

முழுப் பேரு பரவாயில்ல. ரெண்டாவது வரியிலேர்ந்து சுருக்கிப் போடுவாங்க பாருங்க, அங்கதான் மாட்டிக்குவோம். "கேஎல்" புள்ளின்னு தனியா இருந்தா க்ளாரினெட். ஆனா "கேஎல் புள்ளி டிஆர் புள்ளி"ன்னு இருந்தா க்ளாரினெட்டும் டிரம்பெட்டும் இல்ல, க்ளைனெ ட்ரொம்மெல், அதாவது ஸ்நேர் டிரம். "கேஎல் புள்ளி எஃப்எல் புள்ளி" பிக்கலோ. "ஜிஆர் புள்ளி டிஆர் புள்ளி" பேஸ் டிரம். "டிஆர்" மட்டும் தனியா இருந்தா? ட்ரொம்பேட்டெயும் ஆகலாம் ட்ரொம்மெலும் ஆகலாம், ஸ்டாஃபைப் பாருங்க, ஒத்தக் கோட்டுலயோ ஒரே நோட்டு திரும்பத் திரும்பவோ இருந்தா டிரம். "பிஓஎஸ்" டிராம்போன், "பிகே" டிம்பனி, "பிஆர்" வியோலா, "ஹெச்ஆர்" ஹார்ன், "ஹெச்ஆர்எஃப்" ஹார்ப், "கேபி" கொன்ட்ராபாஸ். இன்னொரு வழியும் இருக்கு: ஆர்கெஸ்ட்ரா ஸ்கோர்ல வரிசை பொதுவா மாறாது, மேலேர்ந்து மர வாத்தியம், அப்புறம் பித்தளை, அப்புறம் தாள வாத்தியம், கடைசியில வயலின் குடும்பம். சந்தேகமா இருக்கிற ஸ்டாஃப் யார் யாருக்கு நடுவுல உக்காந்திருக்குன்னு பாத்தாலே பாதி தெரிஞ்சிடும்.

பேர் தெரிஞ்சப்புறம் ஸ்டாஃப் மேல ரைட் கிளிக் பண்ணி ஸ்டாஃப் ப்ராப்பர்ட்டீஸ், ரீப்ளேஸ் இன்ஸ்ட்ருமென்ட். மாத்தின ஒடனே நாலு பார் போட்டுக் கேளுங்க. பியானோவா வந்ததை பி ஃப்ளாட் க்ளாரினெட்டா மாத்தும்போது நோட்டு எடம் மாறும், அது மாறினது சரியா தப்பான்னு மேல சொன்ன கீ சிக்னேச்சர் கணக்கை வெச்சுப் பாருங்க.

புதுசா ஒரு ஸ்கோர் முழுக்க ஜெர்மன் பேரே வேணும்னா ஒண்ணொண்ணா டைப் அடிக்க வேணாம். பிரிஃபரன்சஸ்ல லாங்குவேஜை டாய்ச்சுக்கு மாத்தி, புரோகிராமை மூடித் தெறந்து, வாத்தியங்களைச் சேருங்க, அப்புறம் பழையபடி மாத்திக்கலாம். ஏற்கனவே சேத்த ஸ்டாஃபுங்க பேரு அதுக்கு மாறாது.

## ஃப்ளோட்டெ, ஹோர்னர் எழுத வரல, இல்ல கட்டம் கட்டமா தெரியுது

இந்த ஜெர்மன் பேருங்கள்ல வர்ற ஓ மாதிரி சில எழுத்துங்க மேல ரெண்டு புள்ளி வரணும். விண்டோஸ்ல நம் லாக்கை ஆன் பண்ணி, ஆல்ட்டை அமுக்கிட்டே வலது பக்க நம்பர் பேட்ல 0246 அடிச்சா புள்ளி வெச்ச ஓ வரும், 0228 ஏ, 0252 யூ, க்ரோஸெல வர்ற அந்த பீட்டா மாதிரி எழுத்துக்கு 0223. மேல வரிசையில இருக்கிற நம்பர்ல அடிச்சா வராது. நம்பர் பேட் இல்லாத லேப்டாப்னா விண்டோஸ்ல கேரக்டர் மேப் தெறந்து காப்பி பண்ணுங்க. அதுவும் கஷ்டம்னா புள்ளிக்குப் பதிலா பக்கத்துல ஒரு ஈ சேத்து எழுதலாம், ஜெர்மன்காரங்களே அதை ஏத்துக்குவாங்க.

வந்தது கட்டமா தெரிஞ்சா ஃபான்ட்டை மாத்துங்க. ஏ மேல நெளி கோடு போட்ட எழுத்தும் கூடவே பத்திக் குறியும் வந்து நின்னா அது ஃபான்ட் பிரச்சனை இல்ல, யூடிஎஃப் 8 ஃபைலை யாரோ பழைய விண்டோஸ் என்கோடிங்ல தெறந்து சேவ் பண்ணியிருக்காங்க, ஒரிஜினலை திரும்ப வாங்கறதுதான் சீக்கிரம்.

தமிழ் வரி கட்டமா தெரிஞ்சாலும் இதே சோதனைதான், லிரிக்ஸ் ஃபான்ட்டை நிர்மலாவுக்கோ நோட்டோ சான்ஸ் தமிழுக்கோ மாத்துங்க. கட்டமா இல்லாம இங்கிலீஷ் எழுத்து கண்டபடி வந்தா பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சது, யூனிகோடுக்கு கன்வெர்ட் பண்ணிட்டுத்தான் ஒட்டணும். அசை பிரிக்கும்போது புள்ளி எழுத்தை முந்தின அசையோடவே வெச்சு ஹைஃபன் போடுங்க, "அன்" ஒரு நோட்டு "பே" ஒரு நோட்டு. ன்-ஐ மட்டும் தனி நோட்டுக்கு விட்டா பாடுறவங்க திணறுவாங்க.

## ஷார்ட்கட் ஒண்ணுமே வேலை செய்யல

தமிழ் டைப்பிங் ஆன்ல இருக்கு. வேற காரணம் இருந்து நான் பாத்தது கம்மி. லிரிக்ஸ் அடிச்சுட்டு இங்கிலீஷுக்கு திரும்ப மறந்திருப்பீங்க, கீழ டாஸ்க்பார்ல பாருங்க. உங்க தமிழ் சாஃப்ட்வேர் ஆல்ட்டோட நம்பரை ஷார்ட்கட்டா வெச்சிருந்தா மேல சொன்ன 0246 வேலையோடயும் மோதும், ஜெர்மன் பேர் அடிக்கிற வரைக்கும் அதை மூடிடுங்க.

## பிரிண்ட் எடுத்தா பேரே இல்ல, இல்ல எல்லாம் குட்டியா வருது

பேரு இல்லன்னா ஸ்டைல்ல ஸ்கோர் பகுதியில, ஒரே வாத்தியம்னா பேரை மறைன்னு ஒரு டிக் இருக்கும், எடுத்துடுங்க. "கொன்ட்ராஃபாகோட்" மாதிரி நீளப் பேர் ஸ்டாஃபை வலது பக்கம் தள்ளினா ஸ்டாஃப் ப்ராப்பர்ட்டீஸ்ல அந்தப் பேரைச் சுருக்குங்க.

குட்டியா வந்தா பேப்பர் சைஸ் லெட்டர்ல இருக்கும், ஏ4 ஆக்குங்க. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடைக்கு ஸ்கோர் ஃபைலைக் கொண்டு போகாதீங்க, பிடிஎஃப்பா கொண்டு போங்க, கடைக்காரர்கிட்ட "ஃபிட் டு பேஜ் வேணாங்க, ஆக்சுவல் சைஸ்ல போடுங்க"ன்னு சொல்லுங்க. சொல்லலன்னா அவர் வழக்கம்போல சுருக்கித்தான் போடுவார், அப்புறம் வயசான வயலின் மாஸ்டர் கண்ணாடியை ஏத்தி எறக்கிட்டு நம்மளை முறைப்பார்.

## ஃபைல் தெறக்கல

கரண்ட் போயி சிஸ்டம் ஆஃப் ஆனப்புறம்தான் இது பெரும்பாலும். பழைய பதிப்பு மியூஸ்ஸ்கோர்ல புது பதிப்பு ஃபைலைத் தெறக்கப் பாக்குறீங்களான்னு மொதல்ல பாருங்க, 4-ல சேவ் பண்ணது 3-ல தெறக்காது, அப்டேட் பண்ணா போதும். அது இல்லன்னா அதே ஃபோல்டர்ல ஹிடன் ஃபைல்ஸ் காட்டச் சொல்லிப் பாருங்க, பேக்கப் உக்காந்திருக்கும். அதுவும் இல்லன்னா ஃபைலோட காப்பி ஒண்ணுக்கு பேர்ல புள்ளிக்கு அப்புறம் வர்ற எழுத்துங்களை ஜிப்-ன்னு மாத்தித் தெறங்க, மியூஸ்ஸ்கோர் ஃபைலே உள்ளுக்குள்ள ஒரு ஜிப் தான், உள்ள இருக்கிற ஸ்கோரை மட்டும் வெளிய இழுத்துத் தெறந்தா பல நேரம் பொழைச்சுக்கும். கரப்ட்டுன்னு சொல்லி பார் நம்பரும் காட்டினா அந்த பாரை மட்டும் அழிச்சு திரும்ப அடிங்க, முழு ஃபைலையும் தூக்கிப் போடாதீங்க.

ஃபினாலேங்கற ஸ்கோர் சாஃப்ட்வேர்ல ஃபைல் வெச்சிருக்கவங்களுக்கு அவசரம். அந்த புரோகிராமை 2024 ஆகஸ்ட்ல கம்பெனியே நிறுத்திட்டாங்க. இப்ப ஓடுற சிஸ்டம் ஓடுற வரைக்கும்தான், எல்லாத்தையும் மியூசிக் எக்ஸ்எம்எல்லா எக்ஸ்போர்ட் பண்ணி பென் டிரைவ் ஒண்ணு, மெயில் ஒண்ணுன்னு ரெண்டு எடத்துல வையுங்க. எக்ஸ்போர்ட் ஆனதுல ஜெர்மன் பேர் இருந்தா மேல பியானோ பகுதிக்கு திரும்பப் போங்க.

ஆர்கெஸ்ட்ரா சத்தம் கரகரன்னு விட்டு விட்டு வந்தா 4 ஜிபி ரேம்ல மியூஸ் சவுண்ட்ஸ்ங்கற பெரிய சத்தத் தொகுப்பை ஓட்டுறீங்க, மிக்சர்ல எம்எஸ் பேசிக்ங்கற சின்னதுக்கு மாத்துங்க. ப்ளூடூத் ஸ்பீக்கர்னா சத்தம் பின்னாடிதான் வரும், வயரைப் போடுங்க. அதுக்கப்புறமும் திணறினா ரேம், எஸ்எஸ்டின்னு செலவு பண்ண வேண்டியதுதான், பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி போட்டாலே நல்லா ஓடும்.

ஃபைல் தெறக்கும்போது ஹார்ட் டிஸ்க்குலேர்ந்து டிக் டிக்னு சத்தம் வந்தா மட்டும் மேல சொன்ன எதையும் முயற்சி பண்ணாதீங்க. ஆஃப் பண்ணுங்க, திரும்ப ஆன் பண்ணிப் பாக்காதீங்க, டேட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்ட குடுங்க, பக்கத்துல யாரும் இல்லன்னா பெங்களூர் போங்க. குடுக்கும்போது எந்த ஃபோல்டர், என்ன ஃபைல்னு எழுதிக் குடுங்க, அவங்களுக்கு ஸ்கோர் ஃபைல்னா என்னன்னு தெரியாது, போட்டோவும் வீடியோவும் மீட்டுக் குடுத்துட்டு வேலை முடிஞ்சுதுன்னு சொல்லிடுவாங்க.